தட்டிப் பார்க்கிற மேடம்

உயிரோடு இருந்த ஒரு மனிதருக்கு, அவர் வீட்டுக் கூடத்திலேயே நின்று, அவர் பக்கத்து அறையில் குளித்துக்கொண்டிருந்தபோது, நான் இரங்கல் தெரிவித்திருக்கிறேன். இதை இத்தனை நாள் வெளியில் சொல்லாததற்குக் காரணம் வெட்கம். இப்போது சொல்வதற்குக் காரணம், எங்கள் தெருவில் எல்லோருக்கும் இது ஏற்கெனவே தெரியும் என்பது எனக்குத் தெரிந்துவிட்டதுதான்.

விழுப்புரத்தில் எங்கள் எதிர்வீட்டு மாடிக்கு அந்த அம்மாள் குடிவந்த புதிது. அக்கம்பக்கத்து மரியாதைக்காக ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு போனேன். கூடத்தில் சாமான்கள் இன்னும் பிரிக்கப்படாமல் கிடந்தன. பிரித்து வைத்திருந்தது ஒன்றே ஒன்று. அலமாரியின் நடுத்தட்டில், மஞ்சள் துணி பாதி போர்த்திய ஒரு செம்புக் கலசம். மேலே ஒரு கழுத்து, கீழே ஒரு கழுத்து, நடுவில் பருத்த வயிறு, முகம் தெரிகிற பளபளப்பு. நான் நாலு புத்தகம் படித்தவன். அப்படிப்பட்டவனுக்கு ஒரு கலசம், ஒரு மஞ்சள் துணி, தனியாக நிற்கும் ஒரு பெண் போதும். மீதியை அவனே எழுதிக்கொள்வான்.

கலசத்தின் முன்னால் கண்ணை மூடி நின்றேன். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, மரணம் பற்றி எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். அந்த அம்மாள் கையைக் கட்டிக்கொண்டு, தலையைச் சற்றுச் சாய்த்து, மிகுந்த கவனத்தோடு கேட்டார். அந்தக் கவனம் எனக்கு உற்சாகமாக இருந்தது. கடைசியாக, "சாரைக் காவிரியில கரைக்கப் போறீங்களா, இல்ல வீட்டுலயே வெச்சிக்கப் போறீங்களா?" என்று தழுதழுத்தேன்.

குளியலறைக் கதவு திறந்தது. துண்டு கட்டிய ஒருவர் தலையைத் துவட்டியபடி வந்தார்.

"இவர் இன்னும் கரையல சார்" என்றார் அந்த அம்மாள்.

அந்தக் கணவர் மறுநாள் ரயிலேறி வடக்கே தன் வேலைக்குப் போய்விட்டார். நான் போவதற்கு வேறு ஊர் இல்லாததால் எதிர்வீட்டிலேயே இருக்க வேண்டியதாயிற்று. சில நாள் கழித்துத் தைரியம் வந்து கேட்டேன்: "நான் பேச ஆரம்பிச்சதும் நிறுத்தியிருக்கலாமே மேடம்?"

"நிறுத்தியிருந்தா நீங்க எதுவரைக்கும் போவீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

அவரை அறிந்துகொள்ள இந்த ஒரு பதில் போதும். மற்றதெல்லாம் இதே பதிலின் வெவ்வேறு வடிவங்கள்தான்.

கலசம் கலசமல்ல. வடக்கே ஏதோ ஒரு பெரிய விஞ்ஞானக் கூடத்தில், துகள்களை வேகமாக ஓடவைக்கும் யந்திரத்துக்காகச் செய்து, எங்கோ ஒரு கீறல் விழுந்ததால் கழிக்கப்பட்ட செம்புக் குழி. அந்தக் குழிகளுக்குள் ரேடியோ அலையைச் சுருதி பிசகாமல் நிறுத்தி வைப்பதுதான் அங்கே மேடம் பார்த்த வேலை. எனக்குப் புரியவைக்க எங்கள் வீட்டுக் குழாயடியில் குடத்தை வைத்துத் தண்ணீரைத் திறந்துவிட்டார். குடம் நிரம்ப நிரம்பச் சத்தம் கீச்சென்று ஏறியது. "பாத்திரம் முக்கியமில்ல சார். உள்ள எவ்வளவு காலி இடம்னுதான் கேள்வி. காலி இடம் மாறினா சுருதி மாறும்." எனக்கு உடனே புரிந்தது. என் தலைக்குள்ளும் ஒரு சுருதி எப்போதும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

எதையும் அவர் சும்மா பார்த்ததே இல்லை. தட்டித்தான் பார்ப்பார். எங்கள் வீட்டில் காப்பி கொடுத்தால் முதலில் டம்ளரை நகத்தால் சுண்டி, சத்தம் அடங்கும்வரை காத்திருந்து, பிறகே குடிப்பார். பஸ்ஸில் கம்பியைத் தட்டுவார். வீட்டு மின்விசிறியை நிறுத்தி, அது சுற்றி ஓய்வதைக் கழுத்தொடிய அண்ணாந்து பார்ப்பார். கடைத்தெருவில் கத்தரிக்காய் விற்கிற அம்மாவின் எலெக்ட்ரானிக் தராசில் விரலை வைத்து அழுத்திச் சட்டென்று எடுத்துவிட்டு, எண்கள் தடுமாறி அடங்குவதை ரசிப்பார்.

"இன்னா மேடம், என் தராசுக்கு மந்திரிக்கிறியா? வாங்குறது கால் கிலோ. அதுக்கு இன்னா இம்மாம் ஆராய்ச்சி?"

"தராசு நல்லா இருக்குது. உனக்குத்தான் கோவம் அடங்க நேரமாகுது."

"அடங்கறேன் அடங்கறேன். நீ ஜல்தியா நகரு, பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க."

பொருள்களோடு நின்றிருந்தால் வம்பில்லை. மனிதர்களையும் தட்டுவார். ஏன் அந்தப் பெரிய வேலையை விட்டுவிட்டு விழுப்புரத்துக்கு வந்தார் என்று கேட்டவர்களுக்கு ஆளுக்கொரு காரணம் சொல்லியிருந்தார். என் மனைவியிடம், மேலதிகாரியைக் கன்னத்தில் அறைந்துவிட்டதாக. இஸ்திரிக்காரரிடம், வடக்கத்திக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று. என்னிடம், "சும்மா" என்று. சொல்லிவிட்டு எங்கள் முகங்களைப் பார்ப்பார். எது உண்மை என்று இன்றுவரை தெரியாது. மூன்றும் பொய்யாக இருக்கலாம் என்பது இஸ்திரிக்காரரின் கருத்து. அவர் எங்கள் எல்லோரையும்விட நிதானமானவர்.

ஒரு நாள் என்னிடம், "உங்க கட்டுரை படிச்சேன். கடைசிப் பத்தி மட்டும் வேற யாரோ எழுதிக் கொடுத்த மாதிரி இருந்தது" என்றார். நான் தாலுகா ஆபீசில் கோப்பு நகர்த்துகிறவன். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் எழுத்தாளன். அந்த ஒரு நாளில் கை வைத்துவிட்டார். சிரித்து வைத்தேன். உள்ளே கோபம்; சோறு இறங்கவில்லை. தினமும் காலையில் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து என் மனைவியிடம், "இன்னும் இருக்கா?" என்று கேட்பார். "இருக்குது மேடம், நேத்துக்கு இன்னிக்குக் கொஞ்சம் கொறைஞ்சிருக்குது" என்பாள் இவள், ஏதோ காய்ச்சல் நிலவரம் சொல்வதுபோல. எனக்குக் கோபம் தணிந்த பிறகு அவரே வந்து சொன்னார்: "நல்ல செம்பு அப்படித்தான் சார். தட்டினா ரொம்ப நேரம் அதிரும். மட்டமான தகரம் உடனே அடங்கிடும்."

பாராட்டா, இல்லை இன்னொரு தட்டா என்று புரியாமல் மறுபடியும் சில நாள் அதிர்ந்தேன்.

"ஒரு பொருள் சும்மா இருக்கும்போது அது என்னன்னு தெரியாது சார். தொந்தரவு பண்ணினாத்தான் தெரியும்." இதை அவர் சொல்லாத வாரம் இல்லை.

திண்டிவனத்துக்கு இந்தப் பக்கம், நெடுஞ்சாலையை ஒட்டி இருந்த ஒரு அறக்கட்டளை ஆஸ்பத்திரியில், புற்றுநோய்க்குக் கதிர் கொடுக்கும் மெஷினைப் பார்த்துக்கொள்கிற வேலைக்குச் சேர்ந்திருந்தார். அந்த மெஷினின் வயிற்றுக்குள்ளும் இதே செம்புக் குழிகள்தான், சின்னச் சின்னதாக, வரிசையாக. குழிகளுக்குள் அலை ஆடுகிறது. ஆட்டத்தின் முதுகில் ஏறி எலெக்ட்ரான்கள் ஓடுகின்றன. ஓடிப்போய் ஒரு தகட்டில் மோதினால் கதிர் பிறக்கிறது. கதிர் போய்க் கட்டியைச் சுடுகிறது. அலைக்கும் குழிக்கும் சுருதி சேர்ந்திருக்கும்வரை எல்லாம் சுபம். செம்பு கொஞ்சம் சூடானால் உப்பும். தலைமுடியைப் பல இழையாகக் கிழித்தால் அதில் ஒரு இழை அளவு. அதற்கே சுருதி போய்விடும். உள்ளே போக வேண்டிய அலை வாசலோடு திரும்பிவிடும். மெஷின் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நின்றுவிடும்.

நின்றுகொண்டுதான் இருந்தது, முக்கியமாகப் பிற்பகல்களில்.

"சுருதியைத் துரத்திப் பிடிக்க மெஷினுக்குள்ளயே ஒரு ஏற்பாடு இருக்கு சார். ஆனா அது பின்னாடியே ஓடுற ஆளு. தப்பு நடந்த பிறகுதான் திருத்தும். தப்பு பெருசா போச்சுன்னா மூச்சு வாங்கி உக்காந்துடும். வரப்போறது முன்னாடியே தெரிஞ்சா, முன்னாடியே போய் நின்னுக்கலாம் இல்ல?"

தெரிந்துகொள்வதில்தான் சிக்கல். பெட்டியைத் திறக்க அவருக்கு அனுமதி இல்லை. அது கம்பெனியிலிருந்து வரும் இன்ஜினியரின் ராஜ்ஜியம். இவர் ஆட்சிக்கு உட்பட்டது, மெஷினுக்குக் குளிர்ந்த தண்ணீர் அனுப்பும் சில்லர் மட்டும். தட்டிப் பார்க்கிற ஆளிடம் தட்டக்கூடாத ஒரு பொருளைக் கொடுத்துவிட்டார்கள். அவர் என்ன செய்தார் என்றால், கம்ப்யூட்டருக்குள் ஒரு பொய் மெஷின் செய்துகொண்டார். எவ்வளவு நேரம் கதிர் கொடுத்தால் செம்பு எவ்வளவு சூடேறும், தண்ணீர் எவ்வளவு தாமதமாக அதைத் தணிக்கும், சுருதி எந்தப் பக்கம் நழுவும், எல்லாம் கணக்காக உள்ளே இருக்கும். நிஜ மெஷினைத்தான் தொடக்கூடாது. பொய் மெஷினை எவ்வளவு வேண்டுமானாலும் அடிக்கலாம். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே ரயிலில், மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு அதை அடித்துக்கொண்டே போவார். திரையில் கோடுகள் துள்ளும்.

பக்கத்து சீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "ஷேரா மேடம்? ஏறுதா?" என்பார்.

"ஏறுது, இறங்குது, அடங்குது."

"அடங்குனதும் சொல்லுங்க, நானும் கொஞ்சம் போடுறேன்."

எப்போது வேலை முடியும் என்று கேட்டால், "நிஜ மெஷின் கோவிச்சிக்கிறதுக்கு முன்னாடி பொய் மெஷின் கோவிச்சிக்கணும். அன்னிக்கு முடியும்" என்பார்.

இந்தச் சமயத்தில்தான் என் மச்சானின் தொண்டையில் கட்டி வந்தது. மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. பிரம்மதேசம் பக்கத்தில் நிலம், மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் நெல்லும். அவன் குரலுக்கு ஊரில் ஒரு தனி மதிப்பு உண்டு. வரப்பில் நின்று கூப்பிட்டால் தார்ச்சாலையில் போகிறவர்கள் தங்களைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று வண்டியை நிறுத்துவார்கள். யார் பேச்சையும் கேட்கமாட்டான்; எல்லோருக்கும் யோசனை சொல்வான். அந்தத் தொண்டைக்குத்தான் வந்தது.

டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார். வாரத்தில் ஞாயிறும் சனியும் தவிர்த்து, வரிசையாக, விடாமல் கதிர் எடுக்க வேண்டும். எடுத்தால் நல்ல வாய்ப்பு இருக்கிறது. நடுவில் விட்டால் கட்டி மறுபடி தலையெடுக்கும். ஆரம்பித்ததற்கே அர்த்தமில்லாமல் போகும். என் மனைவி இதை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டாள்.

மச்சானுக்கு ஒதுக்கப்பட்ட நேரம் பிற்பகல். அவன் முகத்துக்கு அச்செடுத்து ஒரு வலை முகமூடி செய்திருந்தார்கள். அதை மாட்டி, அசையாதபடி மேஜையோடு சேர்த்துப் பூட்டிவிட்டு எல்லோரும் வெளியே வந்துவிடுவார்கள். மெஷின் உறுமும், பிறகு நின்றுவிடும். டெக்னீஷியன் உள்ளே ஓடுவார். மறுபடி உறுமும். சில நாள் இப்படி இரண்டு மூன்று தடவை; சில நாள் "நாளைக்கு வாங்க." வெளியே வரும்போது முகமெல்லாம் வலைத்தடம் பதிந்திருக்கும். "மாமா, இந்த எழவு மெஷின் என்னைப் படுக்கவெச்சி வேடிக்கை பாக்குது" என்பான். குரல் நாளுக்கு நாள் தேய்ந்து, கரகரத்து, ஒரு நாள் வெறும் காற்றாகிவிட்டது. என் மனைவி கேப்பைக்கூழை நீர்க்கக் கரைத்துக் கொடுத்தனுப்புவாள். பாதிதான் இறங்கும்.

மேடம் அவனையும் கவனித்துக்கொண்டுதான் இருந்தார். "உங்க மச்சான் நல்ல செம்பு சார். அதான் பயமா இருக்கு. நல்ல செம்பு, சுருதி கொஞ்சம் நழுவினாலும் எல்லாத்தையும் திருப்பி அனுப்பிடும்."

பயந்தவர் சும்மா இருந்திருக்க வேண்டும். இருந்தால் அவர் அவராக இருக்கமாட்டார்.

அன்று மெஷின் அடிக்கடி நின்றது. மச்சான் காத்திருக்கும் அறையில் வந்து உட்கார்ந்தான். நானும் பக்கத்தில் இருந்தேன். மேடம் நேராக அவன் முன்னால் வந்து நின்று, அந்தத் தலைச்சாய்ப்போடு சொன்னார்: "நீங்க நாளையிலேருந்து வரவேணாம். உங்களால முடியாது. நிறைய பேர் நடுவுல விட்டுட்டுப் போறாங்க. தப்பில்ல."

எனக்கு அவர் கணக்குப் புரிந்தது. இவன் சிலிர்த்துக்கொள்வான், "யாரைப் பார்த்து முடியாதுன்னு சொல்ற?" என்று எழுந்து நிற்பான், அந்த வேகத்திலேயே மீதி நாள்களை முடித்துவிடுவான் என்பது அவர் எதிர்பார்ப்பு.

மச்சான் அவரைப் பார்த்தான். தலையாட்டினான். "சரிம்மா" என்று காற்றுக் குரலில் சொன்னான். எழுந்து, சட்டையைச் சரிசெய்துகொண்டு, பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

மறுநாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. கதிர் அறைக்கு வெளியே நோயாளிகளின் முகமூடிகளைப் பெயர் ஒட்டி வரிசையாக மாட்டியிருப்பார்கள். மற்றவர்களின் முகங்கள் உள்ளே போய்ப் போய் வந்தன. அவனுடையது மட்டும் மாட்டிய இடத்திலேயே கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

என் மனைவி மேடத்தின் மாடிப்படியில் பாதி ஏறி நின்று, தெருவே கேட்கும்படிக் கத்தினாள். "என் தம்பியைத் தட்டிப் பாக்கச் சொல்லி யாரு உன்னைக் கேட்டது? அவன் இன்னா டம்ளரா? உள்ள உசுரு இருக்குதும்மா. அது போச்சுன்னா உன் கம்ப்யூட்டர்ல கோடு போட்டு வரவெச்சிடுவியா?"

மேடம் கதவைச் சாத்தவில்லை. நின்று முழுவதையும் வாங்கிக்கொண்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக, எதிரில் இருப்பவர் அடங்க எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்காமல் தரையைப் பார்த்தார்.

அதன் பிறகு அவரால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. எங்கள் வீட்டுக்கு வருவார், நாற்காலியின் நுனியில் அமர்வார், எழுந்துவிடுவார். காப்பி டம்ளரைச் சுண்டாமல் குடித்தார். அது எனக்கு என்னவோ போல் இருந்தது. "தப்பா தட்டிட்டேன் சார். மெதுவா தட்டணும். தாங்கற அளவுக்குத்தான் தட்டணும். இதைத்தான் புதுசா வேலைக்குச் சேர்றவங்களுக்கு முதல் நாள் சொல்லிக்கொடுப்பேன்" என்று சுவரிடம் சொன்னார். ஆஸ்பத்திரியிலும் அவர் ஒரு நிலையில் இல்லை என்று கேள்விப்பட்டேன். சில்லர் இருக்கும் மொட்டைமாடிக்கு ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தாராம். பிறகு ஒரு நாள் மதியம், நான் சாப்பிட்டுவிட்டு ஆபீசுக்குக் கிளம்பும்போது வாசலில் நின்றார்.

"உங்க மச்சான் நிலத்துக்குக் கூட்டிக்கினு போங்க சார்."

"அவன் அடிச்சிடுவான் மேடம்."

"அடிக்கட்டும். வண்டியை எடுங்க."

நாங்கள் போனபோது மச்சான் மோட்டார் கொட்டகை வாசலில் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்திருந்தான். சொம்பில் இருந்த கூழை ஒரு குச்சியால் கலக்கிக்கொண்டிருந்தான், குடிக்கவில்லை. மேடத்தைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவர் கட்டிலின் மறுமுனையில் உட்கார்ந்தார். நான் நடுவில் உட்கார இடமில்லாமல், அந்தப் பருவத்து மல்லாட்டை விளைச்சல் எப்படி என்று விசாரித்தேன். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் கொட்டகைக்குள் டக்கென்று ஒரு சத்தம். மோட்டார் தானாக ஓட ஆரம்பித்தது. எங்கள் பக்கத்தில் விவசாயத்துக்கு மும்முனை மின்சாரம் முறைவைத்துத்தான் வரும். வருகிற நேரம் பார்த்து ஓடிவந்து ஸ்விட்ச் போட யாருக்கும் பொறுமையில்லை. அதனால் எல்லா மோட்டாரையும் ஆட்டோவில் போட்டு வைத்திருப்பார்கள். மின்சாரம் வந்த கணமே தானே கிளம்பிவிடும். இவன் மோட்டார் கிளம்பிய அதே மூச்சில் பக்கத்து நிலத்தில் ஒன்று, அதற்கப்பால் ஒன்று, ஏரிக்கரை வரைக்கும் உறுமல் பரவியது. கொட்டகையில் எரிந்துகொண்டிருந்த பல்பு சோர்ந்து மஞ்சளாகி, பிறகு மெல்ல நிமிர்ந்தது.

மேடம் எழுந்து நின்றார். பல்பைப் பார்த்தார். மச்சானைப் பார்த்தார்.

"பாத்தீங்களா அந்த பல்பை?"

மச்சான் கூழையே கலக்கிக்கொண்டிருந்தான்.

"எல்லா மோட்டாரும் ஒண்ணா கிளம்பினா கரண்டு எப்படிச் சோருது பாருங்க. சோர்ந்தா ஆஸ்பத்திரியில மெஷினுக்குத் தண்ணி அனுப்புற குளுருபெட்டி சோரும். குளுருபெட்டி சோர்ந்தா தண்ணி சூடாகும். தண்ணி சூடானா செம்பு உப்பும். என் மெஷின் நிக்கிறதும் இதே நேரத்துலதான்."

மச்சான் மெதுவாகத் திரும்பினான். குச்சியைக் கீழே போட்டான். "என்னம்மா சொல்ற?" என்று காற்றாகக் கேட்டான். "என் மோட்டாரு ஓடறதாலதான் என்னைப் படுக்கவெச்சி உன் மெஷின் நின்னுக்கினு கெடந்துதா?"

"உங்க மோட்டார் ஒண்ணு ஓடினா பரவாயில்ல. எல்லாரோடதும் ஒரே நேரத்துல கிளம்புதே. ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா கிளம்பினா தாங்கும். ஆனா இந்த ஊர்ல அதை யார் கேப்பாங்க?"

"யாரு கேப்பாங்களா?" மச்சான் எழுந்துவிட்டான்.

அன்று சாயங்காலம் ஏரிக்கரை அரசமரத்தடியில் அவன் கூட்டிய பஞ்சாயத்தை நான் மறக்கமாட்டேன். குரல் இல்லை. கத்த முடியாததால் எல்லோரும் அவனைச் சுற்றி நெருங்கிக் காதைக் கொடுத்தார்கள். இத்தனை வருஷமாக அவன் தொண்டை கிழியக் கத்தியதை யாரும் கேட்டதில்லை. இப்போது காற்றைக் கேட்டார்கள்.

"ஆட்டோவை எடுத்துட்டா பக்கத்துக் கொல்லைக்காரன் முன்னாடி போட்டுத் தண்ணியை இழுத்துக்குவானே அண்ணா?" என்றார் ஒருவர்.

"இழுத்தா இன்னா? உங்கப்பன் வெட்டுன குளமா பூமிக்கு அடியில? முறை வெச்சிக்கலாம். இன்னிக்கு நீ மொதல்ல, நாளைக்கு அவன்."

"எவ்ளோ நேரம் காத்துக்கினு இருக்கறது? பேஜாரு."

"ஒரு பீடி குடிக்கிற நேரம். அதுவும் குடிக்காத. குடிச்சா என்னை மாதிரி காத்தா பேசிக்கினு திரிவ."

அதற்குப் பிறகு யாரும் எதிர்ப்பேச்சுப் பேசவில்லை. ஊரில் முறை வந்தது. மறுநாள் பிற்பகல் மச்சான் ஆஸ்பத்திரியில் நின்றான். வைத்தியத்துக்கு வந்ததாக அவன் ஒப்புக்கொள்ளவில்லை. தன் ஏற்பாடு வேலை செய்கிறதா என்று பார்க்க வந்தானாம். தானே போய் முகமூடியை எடுத்துக் கொடுத்துப் படுத்தான். மெஷின் உறுமியது, முடியும்வரை நிற்கவில்லை. வெளியே வந்து, வலைத்தடம் பதிந்த முகத்தோடு, "நின்னுச்சா?" என்று டெக்னீஷியனைக் கேட்டான். இல்லை என்றதும் மீசையைத் தடவிக்கொண்டான். விட்டுப்போன நாள்களை டாக்டர் கடைசியில் சேர்த்துக் கொடுத்தார். எல்லா நாளும் வந்தான், மேற்பார்வை செய்ய.

மேடத்துக்கு மட்டும் நிம்மதி வரவில்லை. மெஷின் நிற்காமல் ஓடிய வாரங்களில்தான் அவர் அதிகமாக நடந்தார். "ஒண்ணுமே ஆடமாட்டேங்குது சார். கோடு நேரா போகுது. எதையாவது தட்டலாம்னா கை வரமாட்டேங்குது" என்றார். மச்சானிடம் சொன்ன அந்த வார்த்தையைப் பற்றி ஒரு தடவை கேட்டேன்: "அவன் போயிடுவான்னு உங்களுக்கு நிஜமாவே தெரியாதா?" அவர் ஜன்னல் கம்பியைச் சுண்டப் போய், பாதியில் விரலை மடக்கிக்கொண்டார்.

மச்சானின் கடைசி நாள் சிகிச்சை முடிந்த சில வாரங்களில் அவர் வீட்டைக் காலி செய்தார். எங்கோ புதிதாகக் கட்டும் யந்திரத்துக்குக் கூப்பிட்டார்கள் என்றார். என் மனைவியிடம் அலுப்பாக இருக்கிறது என்றாராம். இஸ்திரிக்காரரிடம் என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. செம்புக் குழியை மஞ்சள் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறியபோது, என் மனைவி போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வருஷங்கள் ஆகிவிட்டன. மச்சான் நன்றாக இருக்கிறான். குரல் முக்கால்வாசி திரும்பியிருக்கிறது. மீதிக் கால்வாசி வராததற்கு ஊரார் கடவுளுக்கு நன்றி சொல்கிறார்கள். அங்கே மோட்டார்கள் இன்றும் முறைப்படிதான் கிளம்புகின்றன. இதையெல்லாம் எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக மனசில் இருந்தது. ஒரு விவசாயியின் மோட்டாருக்கும் அவன் தொண்டைக்கும் நடுவே ஓடிய கண்ணுக்குத் தெரியாத கயிற்றை ஒரு பெண் கண்டுபிடித்தார்; அதுதான் கட்டுரையின் உயிர்.

போன மாதம் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் அந்த ஆஸ்பத்திரியின் பழைய எலெக்ட்ரீஷியனைப் பார்த்தேன். டீ வாங்கிக் கொடுத்து, கட்டுரையின் உயிரைச் சொன்னேன். அவர் டீயை ஊதிக்கொண்டே கேட்டார்.

"அந்த ஊரு மோட்டாருங்களா? அது வேற லைனு சார். ஆஸ்பத்திரிக்குத் தனி லைன். அங்க எத்தனை மோட்டார் ஓடினாலும் இங்க ஒரு பல்பு கண் சிமிட்டாது. மேடம் வேலைக்கு வந்த புதுசுலயே நான்தான் கூட்டிக்கினு போய் லைனைக் காட்டினேன். வெயில்ல தண்ணி சூடாகிறதுதான் வம்பு. உங்க மச்சான் வராத நாள்லயே, அடுத்த ஆளைப் படுக்கவெக்கிறதுக்கு முன்னாடியே தண்ணியைக் குளுரவெச்சிடற மாதிரி மேடமே சில்லரோட செட்டிங்கை மாத்தினாங்க. அன்னியிலேருந்து மெஷின் நிக்கல. அதுக்கப்புறம்தான் உங்ககூட அந்த ஊருக்கே போனாங்க."

டீ டம்ளரைக் கீழே வைத்தேன். முதலில் தோன்றியது மச்சானின் முகம். ஊரையே முறைவைத்து ஓட்டி, அந்தப் பெருமையில் எழுந்து நின்றவன். எலெக்ட்ரீஷியனின் கையைப் பிடித்துக்கொண்டேன். "தயவுபண்ணி இது என் மச்சானுக்குத் தெரியவேணாம். அவன் தாங்கமாட்டான்" என்றேன்.

அவர் சிரித்தார்.

"அவருக்கு அப்பவே தெரியும் சார். திரும்பி வந்த மறுநாளே நான் சொல்லிட்டேன். 'தெரியும் போய்யா, அந்தம்மாவுக்குப் பொய் சொல்ல வரல, முகத்துலயே தெரிஞ்சுது. எங்க மாமாகிட்ட மட்டும் சொல்லிடாத. அவரு இதை நம்பிக்கினு எதையோ எழுதப் போறாராம், பாவம்'னாரு."